கால்நடைகளின் உடற்குறிகளை அளக்கும் கருவிகளும் அவற்றைப் பரீட்சிக்கும் விதமும்

கால்நடை வளர்ப்போர் தம் பிராணிகளின் தேக நிலையை அறிவதற்குத் தொன்றுதொட்டுக் கண்ணையும் கையையுமே நம்பி வந்தனர். காதின் அடியைத் தொட்டு ஜுரம் உண்டா என்று பார்ப்பதும், மூக்கின் ஈரத்தைக் கவனிப்பதும், அசைபோடுதல் நின்றதா என்று நோக்குவதும் அநுபவமுள்ள குடியானவர் எவருக்கும் தெரிந்த விஷயங்கள். பிற்காலத்தில் தெர்மாமீட்டர் வந்தது. இப்பொழுதோ கழுத்தில் கட்டும் பட்டை, காதில் மாட்டும் வில்லை, வயிற்றினுள் தங்கும் குண்டு முதலிய பலவகைக் கருவிகள் வந்துள்ளன. இவை பிராணியின் உஷ்ணம், அசைபோடும் நேரம், நடமாட்டம் ஆகியவற்றை இரவு பகலாகக் குறித்து, உடையவரின் கைபேசிக்குச் செய்தி அனுப்புகின்றன.

இக்கருவிகளால் நன்மை உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் கருவி காட்டும் எண் வேறு, பிராணியின் உண்மை நிலை வேறு. இவ்விரண்டும் எவ்வளவு நெருங்கியுள்ளன என்பதை ஒருவர் பரீட்சித்து அறிந்தாலன்றி அவ்வெண்ணைக் கொண்டு யாதொரு முடிவும் செய்தல் தகாது. நெல் அளக்கும் மரக்காலையும் நிறுக்கும் தராசையும் முத்திரையில்லாமல் ஏற்காத குடியானவர், மாட்டின் ஜுரத்தை அளக்கும் கருவியை மாத்திரம் கேள்வியின்றி ஏற்றுக்கொள்வது பொருந்தாது. ஆகவே இக்கருவிகளைச் சொந்தப் பண்ணையிலேயே பரீட்சிக்கும் முறைகள் இங்கு விவரிக்கப்படுகின்றன.

அளவு தவறினால் விளையும் கேடு

நல்ல தேக நிலையிலுள்ள கறவைப் பசுவின் உஷ்ணம் சாதாரணமாக 100.4 முதல் 102.8 டிகிரி பாரன்ஹீட் வரை, அதாவது 38.0 முதல் 39.3 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். சுகத்துக்கும் ஜுரத்துக்கும் இடையிலுள்ள எல்லை மிகவும் குறுகியது என்பது இதனால் விளங்கும். ஒரு டிகிரி பாரன்ஹீட் பிழையுள்ள கருவி, நோயுள்ள பசுவைச் சுகமுள்ளதென்றும், சுகமுள்ளதை நோயுள்ளதென்றும் காட்டிவிடக்கூடும்.

உதாரணமாக, அக்கம்பக்கத்துக் கிராமங்களில் கோமாரி பரவியிருக்கும் காலத்தில், ஒருவர் தம் பசுவைச் சோதித்து 102.4 டிகிரி என்று கண்டு, கவலையின்றி அதைப் பொது மேய்ச்சலுக்கு ஓட்டிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய தெர்மாமீட்டர் உண்மையைவிட 1.2 டிகிரி குறைத்துக் காட்டுவதாயின், அப்பசுவின் மெய்யான உஷ்ணம் 103.6 டிகிரி ஆகும். கோமாரியில் வாயிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளங்கள் தோன்றுமுன்பே ஜுரம் காண்பதுண்டு. நோய்க்கிருமியும் அப்பொழுதே வெளிப்படத் தொடங்குகிறது. ஆகவே அந்த ஒரு நாள் பிழையினால் மந்தை முழுவதும் நோய்க்கு இலக்காகிறது. 2019-ல் இந்தியாவில் முதன்முதலாகக் காணப்பட்டு, 2022-ல் பல மாகாணங்களில் ஏராளமான கால்நடைகளை மாய்த்த தோல் கழலை நோயிலும் ஜுரமே முற்பட்ட அறிகுறிகளில் ஒன்று.

மறுபுறம், கருவி உயர்த்திக் காட்டினாலும் நஷ்டமே. இல்லாத ஜுரத்துக்கு மருந்து செலுத்த நேரிடும். கிருமிநாசக மருந்து செலுத்திய பசுவின் பாலை, குறிப்பிட்ட நாட்கள் வரை விற்பனைக்கு அனுப்பலாகாது. மருந்துச் செலவு, பாலின் நஷ்டம் ஆகிய இரண்டும் ஒருங்கே சேருகின்றன. அன்றியும், அவசியமின்றி இம்மருந்துகளை உபயோகிப்பதனால் கிருமிகள் அவற்றுக்கு அடங்காதனவாக மாறிவிடுகின்றன.

பழைய படிப்பினை ஒன்று

கருவியைப் பரீட்சியாமல் எண்ணை நம்புவதன் விளைவு இன்னதென்பதை மனித வைத்திய சரித்திரமே காட்டுகிறது. ஜெர்மனி தேசத்து லைப்சிக் நகரில் வைத்தியராயிருந்த கார்ல் வுண்டர்லிக் என்பவர், பல்லாயிரம் நோயாளிகளின் உஷ்ணத்தை அளந்து, 1868-ல் தம் நூலை வெளியிட்டார். மனித உடலின் இயல்பான உஷ்ணம் 37 டிகிரி செல்சியஸ், அதாவது 98.6 டிகிரி பாரன்ஹீட் என்னும் கணக்கு அவர் நூலினால் உலகெங்கும் நிலைபெற்றது. 1992-ல் அமெரிக்காவில் நவீன கருவிகளைக் கொண்டு செய்த ஆராய்ச்சியில், சுகதேகிகளின் சராசரி உஷ்ணம் 98.2 டிகிரி என்றே கிடைத்தது. பிலடெல்பியா நகரத்துப் பொருட்காட்சிச் சாலையில் வுண்டர்லிக்குடையது என்று வைக்கப்பட்டிருந்த தெர்மாமீட்டர் ஒன்றை எடுத்துச் சோதித்தபோது, அது இக்காலக் கருவிகளைவிட ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு டிகிரி செல்சியஸ் வரை உயர்த்திக் காட்டியது.

பேராசிரியர் ஒருவர் பேருழைப்புடன் திரட்டிய அளவுகளே கருவியின் பிழைக்கு ஆளாகுமாயின், அவசரத்தில் கடையில் வாங்கிய கருவியைப்பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. ஆயிரந்தடவை அளந்தாலும், தவறான கருவி ஆயிரந்தடவையும் தவறாகவே அளக்கும். அளவுகள் அதிகமாவதனால் கருவியின் பிழை நீங்கிவிடாது.

தெர்மாமீட்டரைப் பரீட்சிக்கும் விதம்

பரீட்சைக்கு முதலாவதாக வேண்டுவது, சரியென்று நிச்சயிக்கப்பட்ட மூலக் கருவி ஒன்று. அங்கீகாரம் பெற்ற பரிசோதனைச் சாலையில் ஒப்பிட்டுச் சான்றிதழ் பெற்ற தெர்மாமீட்டர் ஒன்றைப் பால் கூட்டுறவுச் சங்கம் அல்லது மிருக வைத்திய நிலையம் வைத்திருக்குமாயின், ஊரிலுள்ள மற்றவற்றையெல்லாம் அதனோடு ஒப்பிடலாம். அம்மூலக் கருவியைப் பிராணிகளுக்கு உபயோகிக்கலாகாது. பரீட்சைக்கென்றே தனியே வைத்தல் வேண்டும்.

சாதாரண உஷ்ணமானிகளைக் கரையும் பனிக்கட்டியில் வைத்துப் பூஜ்யம் டிகிரி செல்சியஸ் காட்டுகிறதா என்று பார்ப்பது வழக்கம். ஜுரம் பார்க்கும் தெர்மாமீட்டருக்கு இம்முறை பயன்படாது. ஏனெனில் அது ஏறக்குறைய 32 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரைதான் அளக்கும். பாதரசக் கருவியைக் கொதிக்கும் நீரில் இட்டால் உடைந்துபோகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆகவே வெந்நீர்ப் பரீட்சையே ஏற்றது. அதன் விவரம் வருமாறு:

வாயகன்ற பிளாஸ்க் ஒன்றில் வெதுவெதுப்பான நீரை ஊற்றி, மூலக் கருவி 37 டிகிரி செல்சியஸ் காட்டும்வரை குளிர்ந்த நீரோ வெந்நீரோ சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். மூலக் கருவியையும் சோதிக்க வேண்டிய கருவியையும் சேர்த்துக் கட்டி, இரண்டின் நுனியும் ஒரே ஆழத்தில் இருக்கும்படி நீரில் நிறுத்தி, நீரை மெதுவாகக் கலக்கிக்கொண்டே இருத்தல் வேண்டும். கலக்காவிடில் மேலே ஒரு சூடும் கீழே ஒரு சூடுமாக நின்று பரீட்சை பிழைபடும். மூன்று நிமிஷங்களுக்குப் பிறகு இரண்டையும் படித்து எழுதிக்கொள்ள வேண்டும். பின்னர் 39 டிகிரியிலும், 41 டிகிரியிலும் இவ்வாறே செய்ய வேண்டும். இம்மூன்றும் முறையே 98.6, 102.2, 105.8 டிகிரி பாரன்ஹீட் ஆகும். ஒரே இடத்தில் சோதித்து நிறுத்திவிடுதல் கூடாது. சில கருவிகள் தாழ்ந்த உஷ்ணத்தில் சரியாகவும், ஜுர உஷ்ணத்தில் தவறாகவும் காட்டும்.

ஒவ்வோர் உஷ்ணத்திலும் மும்முறை அளப்பது நலம். பாதரசக் கருவியாயின் ஒவ்வொரு தடவையும் உதறிப் பாதரசத்தை இறக்கிய பின்னரே மறுபடியும் நீரில் இட வேண்டும். அதன் குழலில் உள்ள நெருக்கமான கழுத்து, ஏறிய பாதரசத்தை இறங்கவொட்டாமல் தடுப்பதால், உதறாத கருவி முந்தின பிராணியின் ஜுரத்தையே அடுத்த பிராணிக்கும் காட்டும். மின்கலத்தால் இயங்கும் கருவியாயின், மின்கலம் வலுவிழந்திருக்கையில் அளவுகளை நம்பலாகாது.

நல்ல கருவி மூலக் கருவியிலிருந்து 0.1 டிகிரி செல்சியஸ், அதாவது 0.2 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் வேறுபடாது. மாட்டுக்கொட்டில் உபயோகத்துக்கு இதைப்போல் இரு மடங்கு வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்டால் கருவியை விலக்குவதே மேல்.

மூலக் கருவி கிடைக்காத இடத்தில், மூன்று கருவிகளை ஒரே நீரில் வைத்து, ஒன்று மற்ற இரண்டினின்றும் விலகுகிறதா என்று காணலாம். ஆயினும் மூன்றும் ஒரே கடையில் ஒரே பெட்டியிலிருந்து வாங்கியனவாக இருந்தால், மூன்றும் ஒரே பிழையை உடையனவாகவும் இருக்கக்கூடும். ஆதலால் வெவ்வேறு தயாரிப்பைச் சேர்ந்தவற்றையே ஒப்பிட வேண்டும்.

பாதரசக் கருவிகளைப்பற்றி இங்கு ஒரு வார்த்தை கூறுவது அவசியம். பாதரசம் கொடிய விஷம். கொடைக்கானலில் இயங்கிவந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை, பாதரசக் கழிவைப்பற்றிய முறையீட்டின் பேரில் 2001-ல் மூடப்பட்டது. 2013-ல் உலக நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கை, இவ்வகைத் தெர்மாமீட்டர்களின் உற்பத்தியையும் வர்த்தகத்தையும் நிறுத்துவதற்கு 2020-ஐ எல்லையாகக் குறித்தது. சில நாடுகள் கூடுதல் தவணை பெற்றன. கொட்டிலில் பாதரசக் கருவி உடைந்தால், சிந்தியதைத் துடைப்பத்தால் பெருக்காமலும் வெறுங்கையால் தொடாமலும், கெட்டியான காகிதத் துண்டினால் ஒன்றுசேர்த்து மூடியுள்ள சீசாவில் இட்டு, தீவனத் தொட்டிக்கும் கிணற்றுக்கும் எட்டாத இடத்தில் வைத்து, உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

பிராணியிடம் அளக்கும்போது நேரும் பிழைகள்

கருவி சரியாயிருந்தும் அளக்கும் விதம் தவறினால் எண் தவறும். தெர்மாமீட்டரின் நுனியில் எண்ணெய் தடவி, மூன்று அங்குல ஆழம்வரை ஆசனவாயினுள் செலுத்தி, நுனி குடலின் பக்கச் சுவரைத் தொடும்படி சற்றுச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். நுனி சாணத்தினுள் நின்றால் உஷ்ணம் குறைத்துக் காட்டும். கருவியை ஒரு கயிற்றில் கட்டி வாலின் மயிரோடு பிணைத்தால், உள்ளே போகாமலும் கீழே விழாமலும் இருக்கும். பாதரசக் கருவியை மூன்று நிமிஷங்கள் வைத்திருக்க வேண்டும். ஒரு பிராணிக்கு உபயோகித்ததைக் கிருமிநாசினியால் துடைக்காமல் மற்றொன்றுக்கு உபயோகித்தால், நோயைக் கண்டுபிடிக்க வந்த கருவியே நோயைப் பரப்பும்.

வெயிலில் நின்ற மாடும், ஏர் உழுது வந்த மாடும் ஜுரமின்றியே உஷ்ணம் மிகுந்து காணும். எருமைக்கு வெயிலின் பாதிப்பு பசுவைவிட அதிகம். ஆகையால் பிராணியை நிழலில் இளைப்பாற்றிய பின்னரே அளக்க வேண்டும். காலையில் உஷ்ணம் தாழ்ந்தும் மாலையில் உயர்ந்தும் இருப்பது பிராணிகளின் இயல்பு. இன்று காலை எடுத்த அளவை நேற்று மாலை எடுத்த அளவோடு ஒப்பிடுவதால் பிரயோஜனமில்லை. ஒரே வேளையில் எடுத்தவற்றையே ஒப்பிட வேண்டும்.

தொலைவிலிருந்தே உஷ்ணம் காட்டும் துப்பாக்கி போன்ற கருவிகளைச் சிலர் வாங்குகின்றனர். அவை தோலின் மேற்பரப்பையே அளக்கின்றன, உள்ளுடலை அளப்பதில்லை. மயிர், சேறு, ஈரம், வெயில், காற்று, பிடிக்கும் தூரம் ஆகிய ஒவ்வொன்றும் அவ்வளவை மாற்றும். இவற்றைக் கொண்டு மாட்டுக்கு ஜுரம் இல்லையென்று தீர்மானித்தல் ஆபத்தாகும்.

இருவகைப் பிழைகள்

கருவியின் பிழைகள் இரு வகைப்படும். இவற்றின் வேறுபாட்டை அறிதல் மிகவும் முக்கியம்.

முதல்வகை, எப்பொழுதும் ஒரே பக்கம் ஒரே அளவு சாயும் பிழை. புதிய கருவி ஒன்றையும் மூலத்தோடு ஒப்பிட்ட நல்ல கருவி ஒன்றையும் கொண்டு, 10 பசுக்களின் உஷ்ணத்தை ஒரே வேளையில் அளந்ததாகக் கொள்வோம். புதியது நல்லதைவிட முறையே 0.4, 0.3, 0.5, 0.4, 0.4, 0.4, 0.3, 0.5, 0.4, 0.4 டிகிரி மிகுத்துக் காட்டுகிறது. சராசரி வேறுபாடு 0.4 டிகிரி. எல்லா வேறுபாடுகளும் அதனருகிலேயே நிற்கின்றன. இக்கருவியைத் தள்ள வேண்டுவதில்லை, "0.4 கழிக்க" என்று அதன் உறையின்மேல் எழுதிவைத்தால் போதும்.

இரண்டாம்வகை, இன்ன பக்கம் என்றில்லாமல் அலையும் பிழை. மற்றொரு கருவி அதே பசுக்களுக்கு 0.9 மிகுத்தும், 0.7 குறைத்தும், 0.2 மிகுத்தும், 1.1 குறைத்தும், 0.6 மிகுத்தும், 0.3 குறைத்தும், 1.0 மிகுத்தும், 0.9 குறைத்தும், 0.5 மிகுத்தும், 0.2 குறைத்தும் காட்டுகிறது. கூட்டிப் பார்த்தால் சராசரி வேறுபாடு பூஜ்யம்! விற்பவர் "சராசரியில் பிழையே இல்லை" என்று சொன்னால் அது பொய்யாகாது. ஆயினும் கொட்டிலில் நிற்கும் ஒற்றைப் பசுவின் ஜுரத்தை அறிய அக்கருவி உதவாது. ஒரு மூட்டைக்கு மிகுத்தும் அடுத்த மூட்டைக்குக் குறைத்தும் நிறுக்கும் தராசை, கணக்கு ஈற்றில் சரியாகிவிடும் என்று யாரும் ஏற்பதில்லை அன்றோ?

இவ்வாறு வேறுபாடுகளை வரிசையாக எழுதி, அவற்றின் சராசரியையும் பரவலையும் தனித்தனியே காணும் முறையை, இங்கிலாந்தைச் சேர்ந்த பிளாண்ட், ஆல்ட்மன் என்னும் கணித நிபுணர் இருவர் 1986-ல் வைத்தியப் பத்திரிகையொன்றில் விளக்கினர். ஒன்று ஏறும்போது மற்றதும் ஏறுகிறது என்ற அளவில் இரு கருவிகளும் ஒத்துவிட்டன என்று எண்ணலாகாது என்பதே அவர்கள் வற்புறுத்திய விஷயம். ஒவ்வொரு படிக்கும் கால்படி மிகுத்துக் காட்டும் அளவையும், நெல் அதிகமானால் அதிகமாகத்தான் காட்டும்; அதனால் அது சரியான அளவையாகிவிடாது.

நாடியும் சுவாசமும்

பசுவின் நாடி வாலின் அடிப்புறத்தில் நன்கு புலப்படும். வயது முதிர்ந்த பசுவுக்கு நிமிஷத்துக்கு 48 முதல் 84 வரை துடிப்பது இயல்பு. சுவாசத்தை விலாப்புறம் ஏறி இறங்குவதைக் கொண்டு எண்ணலாம். நாடியளக்கும் கருவி எதையும் பரீட்சிப்பதற்குக் கையால் எண்ணிய கணக்கே துணையாகும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது பலருக்கு வழக்கம். ஆனால் அதில் ஒரு துடிப்புத் தவறினால் கணக்கில் நான்கு தவறும். பரீட்சைக்காக எண்ணும்போது முழு நிமிஷமும் எண்ண வேண்டும்.

இருவர் ஒருவருக்கொருவர் சொல்லாமல் தனித்தனியே எண்ணி எழுதி, பிறகு ஒப்பிடுவது சிறந்தது. அவ்விருவர் கணக்கே ஒவ்வாவிடில், அதைக் கொண்டு கருவியைக் குறைகூற இயலாது. கருவியின் எண்ணை முன்னரே பார்த்துவிட்டு எண்ணினால், கையும் கண்ணும் அறியாமலே அவ்வெண்ணை நோக்கிச் சாயும். ஆதலால் எண்ணுபவர் கருவியைப் பார்க்கலாகாது.

ஓர் உடலுக்குச் சரியானது மற்றோர் உடலுக்குத் தவறாதல்

2020, 2021 ஆண்டுகளில் கொரோனா நோய் பரவியபோது, விரலில் மாட்டி ரத்தத்திலுள்ள பிராணவாயுவை அளக்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் கிராமங்களுக்கும் வந்து சேர்ந்தது. சிவந்த ஒளியையும் கண்ணுக்குப் புலப்படாத மற்றோர் ஒளியையும் விரலினூடே செலுத்தி, ரத்தம் எவ்வளவு ஒளியை உட்கொள்கிறது என்பதைக் கொண்டு அது கணக்கிடுகிறது. இம்முறையை 1970-களில் ஜப்பானிய நிபுணர் தாக்குவோ அவோயாகி கண்டார்.

2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், இக்கருவி 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் ரத்தத்தை நேரே சோதித்தனர். மெய்யாகவே பிராணவாயு 88-க்கும் கீழே தாழ்ந்திருந்தவர்கள் வெள்ளையரில் 100-க்கு 3.6 பேர், கறுப்பரில் 100-க்கு 11.7 பேர். தோலின் நிறம் ஒளியை மறிப்பதனால், வெளுத்த தோலுக்கு ஏறக்குறையச் சரியாயிருந்த கருவி, கறுத்த தோலுடையோரின் அபாயத்தை மும்மடங்கு அதிகமாக மறைத்திருக்கிறது. நோயாளி மூச்சுத் திணறும்போதும் கருவி நலமென்று சொன்னால், நோயாளியையே நம்ப வேண்டும் என்பது இதனின்றும் பெறும் பாடம்.

கால்நடைக் கருவிகளுக்கும் இப்பாடம் பொருந்தும். குளிர்ந்த நாட்டில், மூடிய கொட்டிலில், கறுப்பும் வெள்ளையுமான அந்நாட்டுக் கறவைப் பசுக்களைக் கொண்டு பரீட்சிக்கப்பட்ட கருவி, சித்திரை வெயிலில் மேயும் காங்கேயம் மாட்டுக்கும், குட்டையில் படுத்துக் கிடக்கும் எருமைக்கும் அவ்வாறே பொருந்தும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. எந்த இனத்தில், எந்த இடத்தில், எத்தனை பிராணிகளில் சோதித்தீர்கள் என்று விற்பவரைக் கேட்பது வாங்குபவரின் உரிமையாகும்.

வயிற்றுக் குண்டும் கழுத்துப் பட்டையும்

பசுவின் வாய்வழியே செலுத்தி, தேனடை போன்ற உட்புறமுள்ள வயிற்றறையில் தங்கச் செய்யும் குண்டு, உள்ளிருந்தே உஷ்ணத்தை அனுப்புகிறது. தீவனம் புளித்துச் செரிக்கும் இடமாகையால், அங்கு ஆசனவாயில் அளப்பதைவிடச் சுமார் அரை டிகிரி செல்சியஸ் மிகுதியாக இருக்கும். பசு தண்ணீர் குடித்தவுடன் அவ்வளவு பல டிகிரி தாழ்ந்து, பழைய நிலைக்குத் திரும்ப நெடுநேரமாகும். இவை கருவியின் பிழைகளல்ல; அளக்கும் இடத்தின் இயல்பு. இதையறியாதவர் தெர்மாமீட்டரின் எல்லைகளைக் கொண்டு குண்டின் எண்ணைப் படித்தால் ஏமாற நேரும். பரீட்சிக்கும்போது, தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரமேனும் கழிந்த பின் ஒப்பிட வேண்டும்.

கழுத்துப் பட்டையும் கால் வளையமும் பசுவின் அசைவைக் குறிக்கின்றன. பருவத்துக்கு வந்த பசு மற்ற நாட்களைவிட மிகுதியாக நடமாடும் என்பதே இவற்றின் ஆதாரம். இங்கு விற்பவர் சொல்லும் "100-க்கு 95 சரி" என்னும் பேச்சை ஆராய்வோம்.

சினையில்லாத 50 பசுக்கள் உள்ள பண்ணையில், 21 நாட்களில் ஒவ்வொன்றும் ஒரு நாள் பருவத்துக்கு வருமென்று கொண்டால், மொத்தம் 1,050 பசு-நாட்களில் 50 மாத்திரமே பருவ நாட்கள். மற்ற 1,000-மும் சாதாரண நாட்கள். ஒரு நாளும் செய்தியே அனுப்பாத ஊமைக் கருவி ஒன்றைக் கட்டினாலும், அது 1,050-ல் 1,000 நாட்களுக்குச் சரியாகவே இருந்ததாகக் கணக்காகும். அதாவது 100-க்கு 95! ஆனால் ஒரு பசுவும் சினையாகாது.

ஆகையால் ஒரே எண்ணைக் கேட்டுத் திருப்தியடையாமல், இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். பருவத்துக்கு வந்த 100 பசுக்களில் எத்தனையைக் கருவி கண்டது? கருவி அனுப்பிய 100 செய்திகளில் எத்தனை மெய்? மேற்கண்ட பண்ணையில் கருவி 40 பருவங்களைக் கண்டு, 10-ஐத் தவறவிட்டு, சாதாரண நாட்களில் 100-க்கு ஒன்று வீதம் 10 பொய்ச் செய்திகள் அனுப்பினால், வந்த 50 செய்திகளில் 40 மெய். பொய்ச் செய்தி 100-க்கு 5 வீதமானால், 90 செய்திகளில் 40-தான் மெய். பாதிக்கு மேல் வீண். தவறவிட்ட ஒவ்வொரு பருவத்துக்கும் உடையவர் மேலும் 21 நாட்கள் தீவனமிட்டுக் காத்திருக்க வேண்டும். பொய்ச் செய்தியை நம்பிச் சினைப்பசுவுக்கு ஊசி போட்டால் சினையே கலைந்துபோகவும் கூடும்.

இதைப் பரீட்சிக்க வேறு செலவு வேண்டுவதில்லை. ஒரு நோட்டுப் புஸ்தகத்தில், செய்தி வந்த நாள், மற்ற மாடு ஏறும்போது பசு விலகாமல் நின்றதா, கண்ணாடி போன்ற வழும்பு கண்டதா, ஊசி போட்ட தேதி, பின்னர் மிருக வைத்தியர் சினை பார்த்ததின் முடிவு ஆகியவற்றை எழுதிவர வேண்டும். கருவி மௌனமாயிருந்தும் கண்ணுக்குப் புலப்பட்ட பருவங்களையும் தவறாமல் எழுத வேண்டும். கருவி சொன்னவற்றை மாத்திரம் எழுதினால், அது தவறவிட்டவை ஒருநாளும் தெரியவரா. அசைபோடும் நேரத்தை அளக்கும் பட்டையாயின், கொட்டிலில் இருந்து கடிகாரத்தைக் கொண்டு சில மணி நேரம் நேரே பார்த்து எழுதி, கருவியின் கணக்கோடு ஒப்பிடலாம்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

பொதுப் பணத்தில் இக்கருவிகளை வாங்க முற்படும் ஊராட்சிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் முன்னரே சிலவற்றை நிச்சயித்துக்கொள்ளுதல் நலம். கருவி எந்தக் கருவியோடு ஒப்பிடப்பட்டது என்பதற்கு எழுத்து மூலமான ஆதாரம் வேண்டும். மொத்தமாக வாங்குமுன் சில கருவிகளைத் தருவித்து, ஊரின் மாடுகளிலேயே ஒரு மாதமாவது சோதித்துப் பார்க்க வேண்டும். சரியான மூலத் தெர்மாமீட்டர் ஒன்றைச் சங்கத்தில் வைத்து, ஆறு மாதத்துக்கொரு முறை ஒரு நாள் குறித்து, ஊரிலுள்ளோர் தம் தெர்மாமீட்டர்களைக் கொணர்ந்து ஒப்பிட்டுக்கொள்ளச் செய்யலாம். கீழே விழுந்த கருவியை அத்தவணை வரை வைத்திராமல் உடனே பரீட்சிக்க வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் எண்ணிட்டு, பரீட்சித்த தேதியையும் கண்ட வேறுபாட்டையும் பதிவேட்டில் எழுதிவைத்தால், நாளடைவில் எந்தக் கருவி சாய்கிறது என்பது தானே விளங்கும்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு பிளாஸ்க் வெந்நீரும், ஒரு நோட்டுப் புஸ்தகமும், அரைமணிப் பொழுதுமே இதற்காகும் செலவு. கருவி எவ்வளவு சிறந்ததாயினும், கொட்டிலில் நிற்கும் பிராணியைக் கண்ணால் காணும் வழக்கத்தைக் குடியானவர் கைவிடலாகாது. தீனி எடுக்காமல் தலை தொங்கி நிற்கும் பசுவுக்குச் சுகமென்று கருவி கூறினால், முதலில் கருவியைச் சந்தேகித்து, பசுவை மந்தையினின்றும் பிரித்துக் கட்டி, மிருக வைத்தியரை அழைப்பதே உடையவரின் கடமை. கருவியைப் பிறகு சோதித்துக்கொள்ளலாம். கடந்துபோன நாளை மீட்க இயலாது.